நாயை அனுப்பிவிட்டால் உண்ணி ஒழிந்துவிடுமா?

நீங்கள் எழுதியிருந்ததை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வீட்டுக்குள் வளரும் மூன்று வயது நாட்டு நாய். வாரம் இருமுறை உண்ணி பொறுக்குகிறீர்கள், உண்ணி ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள். பத்துப் பதினைந்து நாளில் மறுபடியும் காது மடலிலும் கால் விரலிடுக்கிலும் நிறைந்துவிடுகிறது. இப்போது படுக்கையறைச் சுவரிலும் ஏறுகின்றன. பக்கத்து வீட்டில் மாடு வைத்திருப்பவர், மாட்டுக்கு அடிக்கும் மருந்தையே நாய்க்கும் அடிக்கச் சொல்கிறார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதால், நாயை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் உங்கள் மாமியார். "இவை எங்கிருந்துதான் வருகின்றன?" என்று முடித்திருந்தீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, குழந்தைக்காக நாயை அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது அனுப்பாதீர்கள். பாசத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உண்ணி நிறைந்த வீட்டிலிருந்து நாயை எடுத்துவிட்டால், கடிபட மிச்சமிருப்பது நீங்களும் குழந்தையும்தான். ஏன் அப்படி என்பது உண்ணியின் வாழ்க்கை புரிந்தால் விளங்கும். நான் கால்நடை மருத்துவர். நாய், மாடு இரண்டையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். மனிதர்களுக்கு வரும் நோய்களைப் பற்றிக் கீழே கொஞ்சம் சொல்கிறேன், ஆனால் குழந்தை விஷயத்தில் குழந்தை மருத்துவர் சொல்வதே முடிவு.

உண்ணி பூச்சியினம் அல்ல. சிலந்தி, தேள் வகையைச் சேர்ந்தது. வளர்ந்ததற்கு எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மட்டும் ஆறு. உலகத்தில் சுமார் 900 வகை உண்ணிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருப்பது பழுப்பு நாய் உண்ணி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். அறிவியல் பெயர் ரைபிசெபாலஸ் சாங்குயினியஸ். நாயை விட்டு இறங்கிச் சுவர் ஏறுவதும், புல்வெளியை விட வீட்டையும் நாய்க்கூண்டையும் விரும்புவதும் இதன் குணம். வெப்ப நாடுகளில் இருப்பதைத் தனி இனமாகப் பிரித்து ரைபிசெபாலஸ் லின்னேயி என்று 2021 முதல் சில ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் விவாதத்தால் உங்கள் வீட்டு நடைமுறையில் மாற்றம் எதுவும் இல்லை. வயல், காடு என்று சுற்றும் நாயாக இருந்தால் வேறு வகைகளும் ஒட்டியிருக்கலாம், அதை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் பிரிக்க முடியும். நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் வைத்து அந்த அளவுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன்.

காதில் சாம்பல் நிறத்தில் கொட்டைமுத்து மாதிரித் தொங்குகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது வயிறு நிரம்பிய பெண் உண்ணி. அதன் பக்கத்திலேயே தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் ஒன்று இருக்கும், அது ஆண். ஆண் அவ்வளவு பெருக்காது, நாயின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெண் ஒரு வாரமோ அதற்கு மேலோ ரத்தம் குடித்துவிட்டுத் தானாகக் கழன்று விழுகிறது. விழுந்த பிறகு இருட்டான விரிசலைத் தேடுகிறது. சுவரும் தரையும் சேரும் இடம், கதவுச் சட்டத்தின் பின்பக்கம், ஸ்விட்ச் பெட்டி, கட்டில் மூட்டு, கூரை ஓரம் எதுவானாலும் சரி. மேல்நோக்கி ஏறும் பழக்கம் இதற்கு உண்டு. அங்கே ஒளிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆயிரத்திலிருந்து நான்காயிரம் வரை முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். நம் ஊர் வெப்பத்தில் மூன்று வாரம் போல ஆனதும் முட்டை பொரிந்து ஆறுகால் குஞ்சுகள் வெளியே வரும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுதான் இருக்கும், நிறைய பேர் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள்.

அந்தக் குஞ்சு நாயைத் தேடி ஏறி, சில நாள் குடித்து, விழுந்து, மறுபடியும் விரிசலுக்குள் போய்த் தோலுரிக்கிறது. எட்டுக் காலோடு இளம் உண்ணியாக வெளியே வந்து இரண்டாவது முறை நாயில் ஏறுகிறது. ஒரு வாரம் போலக் குடித்துவிட்டு விழுகிறது, தோலுரிக்கிறது, முழு வளர்ச்சியோடு மூன்றாவது முறை ஏறுகிறது. ஆக ஒவ்வொரு உண்ணியும் வாழ்நாளில் மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்குகிறது. மூன்றையும் கூட்டினால் அது நாயின் மேல் இருப்பது மூன்று வாரம் போலத்தான். மற்ற நாளெல்லாம் உங்கள் சுவரில் இருக்கிறது. எல்லாம் வாகாக அமைந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். குளிர் நாடுகளைப் போலப் பனிக்காலம் வந்து தடுக்கும் வாய்ப்பும் நமக்கு இல்லை, வருடத்துக்குப் பல தலைமுறை ஓடும். அதே நேரம் நாய் கிடைக்காவிட்டாலும் இவை சீக்கிரம் சாவதில்லை. குஞ்சுகள் மாதக்கணக்கிலும், வளர்ந்தவை ஒரு வருடத்துக்கு மேலும் பட்டினியாக இருக்கும்.

உங்கள் கேள்விக்கான நேரடிப் பதில் இதில் இருக்கிறது. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறைவது தெருவிலிருந்து புதிதாக வருபவை அல்ல. முன்பு உங்கள் நாயிடமே குடித்துவிட்டு இறங்கி, உங்கள் வீட்டிலேயே தோலுரித்து முடித்த அடுத்த கூட்டம் அவை. முதலில் ஏதோ ஒரு தெருநாயிடமிருந்தோ பராமரிப்பு இடத்திலிருந்தோ ஒன்றிரண்டு வந்திருக்கும். இப்போது வீடே பிறப்பிடம். ஷாம்பூ அன்றைக்கு நாயின் மேல் இருப்பதைக் கொல்கிறது, அதோடு அதன் வேலை முடிந்தது.

ஃபினாயில் போட்டுத் துடைத்தும் ஏன் சாகவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். உண்ணியின் தோலில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. உடல் ஈரம் எளிதில் வெளியே போகாது, வெளி ஈரமும் எளிதில் உள்ளே போகாது. தண்ணீரில் போட்டாலும் உடனே சாகாது, அதனால் பொறுக்கியதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது போதாது. தாகம் எடுத்தால் அது தண்ணீர் தேடிப் போவதும் இல்லை. வாய்ப் பகுதியில் உப்புச் செறிந்த எச்சிலைக் கசியவிட்டு, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்ததும் மறுபடி விழுங்கிக்கொள்கிறது. எனக்கு இத்தனை வருடமாகியும் இந்த ஒரு விஷயம் வியப்பாகவே இருக்கிறது. குளியலறை ஓரத்துச் சுவர் விரிசலில் இவை ஏன் அவ்வளவு சுகமாக இருக்கின்றன என்பதற்கும் இதுதான் விளக்கம்.

நாயை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? முன்னங்கால் இரண்டின் நுனியிலும் ஹாலர் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. மூச்சில் வரும் கரியமில வாயு, உடல் வாசனை, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் அதனால் உணரும். உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. குதிக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்கள் பார்த்தது தெள்ளுப்பூச்சி. தோலில் ஏறியதும் பின்னோக்கி வளைந்த முட்களுள்ள வாயைச் செலுத்தி, சிமென்ட் போல இறுகும் ஒரு சுரப்பால் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள், வலி தெரியாமல் செய்யும் பொருள், உடலின் எதிர்ப்பை அடக்கும் பொருள் எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் நாய் முதல் நாளில் சொறிவதே இல்லை. குடித்த ரத்தத்தில் உள்ள உபரி நீரை எச்சில் வழியாகவே நாயின் உடலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, சத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. கிருமி உள்ளே போவதும் இந்த எச்சில் வழியாகத்தான்.

இனி குழந்தை விஷயம். பழுப்பு நாய் உண்ணிக்கு மனித ரத்தம் முதல் விருப்பம் அல்ல. நாய் இருக்கும்வரை நாயையே தேடும். ஆனால் கடிக்கவே கடிக்காது என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை மிகுந்துபோனாலும் நாய் கிடைக்காமல் போனாலும் மனிதர் மேல் ஏறும், அதிலும் குஞ்சும் இளம் உண்ணியும். கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் ஒரு பக்கம் நாய், மறுபக்கம் மனிதர், நடுவில் உண்ணி என்று வைத்துப் பார்த்தபோது, வெப்பம் கூடினால் மனிதர் பக்கம் திரும்புபவை அதிகமாயின. அது ஆய்வுக்கூடச் சோதனை. நம் ஊர் மே மாதத்து வீட்டில் அப்படியே நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி. நாயைக் கொடுத்துவிட்டு வீட்டில் மட்டும் இருந்தவர்கள், உண்ணி இப்போது எங்களைக் கடிக்கிறது என்று வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மாறாக, சரியான மருந்து கொடுத்த நாய் உங்கள் வீட்டிலேயே இருந்தால் அதுதான் உண்ணிக்குப் பொறி. விரிசலில் பசித்திருக்கும் ஒவ்வொன்றும் என்றைக்காவது நாயின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறிக் கடித்ததும் செத்துவிடும். இதற்கு இன்று கால்நடை மருத்துவர்கள் அதிகம் எழுதுவது ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள். அஃபாக்ஸோலானர், சரோலானர் மாதம் ஒருமுறை, ஃப்ளூரலானர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாயின் ரத்தத்தோடு உண்ணிக்குள் போய் அதன் நரம்பு வேலையைக் குலைக்கும். பெண் உண்ணி முட்டையிடும் அளவுக்குக் குடிக்க ஒரு வாரமாவது வேண்டும், மருந்தோ ஒன்றிரண்டு நாளுக்குள் கொன்றுவிடும். முட்டைக்கே வழியில்லை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரை உண்ணியை விரட்டாது, கடித்தால்தான் கொல்லும். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் நாயின் மேல் உண்ணி தெரிந்துகொண்டே இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஏறியவை பெருக்காமல் காய்ந்து விழுகின்றனவா என்று பாருங்கள், அதுதான் அடையாளம்.

வலிப்பு வந்த நாய் என்றால் இந்த மாத்திரை வேண்டாம், அல்லது மிகுந்த யோசனையோடு கொடுக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. நாயின் எடைக்கு ஏற்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். தோளில் விடும் சொட்டு மருந்து, கழுத்துப்பட்டை போன்றவையும் இருக்கின்றன. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்த நாய் மருந்து எதுவும் அதன் பக்கம் போகவே கூடாது, பூனைக்கு அது உயிர்க்கொல்லி.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை ஏன் கேட்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணம். மாட்டு மருந்தின் செறிவும் கலக்கும் அளவும் வேறு. மாட்டு உண்ணி மருந்துகளான சைபர்மெத்ரினையோ அமிட்ராஸையோ கைக்கணக்கில் கலந்து அடித்து, நடுங்கிக்கொண்டு வரும் நாய்களுக்குச் சிகிச்சை செய்திருக்கிறேன். அந்த நாயைக் கட்டிப்பிடிக்கும் குழந்தைக்கும் அது ஆகாது. இன்னொன்று, மாட்டு உண்ணியின் வாழ்க்கையே வேறு மாதிரி. நம் பசுக்களில் அதிகம் காணப்படும் ரைபிசெபாலஸ் மைக்ரோப்ளஸ் ஒரே மாட்டின் மேலேயே குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்தது என்று மூன்று பருவத்தையும் சுமார் மூன்று வாரத்தில் முடித்துவிட்டு, முட்டையிட மட்டும் இறங்கும். அதனால் மாட்டுக்கு ஒழுங்காக மருந்து அடித்தாலே பெரும்பங்கு அடிபடும். நாய் விஷயத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. அதே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்து மாட்டு உண்ணிக்கே இப்போது பல இடங்களில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது, அது தனிக் கவலை. மாட்டு உண்ணிக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பெரிய இடமும் உண்டு. எட்டுக்காலியோ பூச்சியோ நோயைக் கடத்தும் என்பதைச் சோதனையாக முதலில் நிறுவிய ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாட்டுக் காய்ச்சலைப் பற்றி 1893-ல் வெளியிட்டது. மலேரியாவில் கொசுவின் பங்கு நிரூபணமாவதற்கு முன்பே உண்ணி பிடிபட்டுவிட்டது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது விரிசலை அடைப்பது. சுவர் வெடிப்பு, கதவுச் சட்டத்து இடைவெளி, டைல்ஸ் ஓரம் எல்லாவற்றையும் வெள்ளைச் சிமென்ட் போட்டுப் பூசுங்கள். அதற்கு முன் வாக்குவம் கிளீனரால் இழுத்து, அந்தப் பையைக் கட்டி அன்றைக்கே வெளியே போடுங்கள். நாயின் படுக்கைத் துணியைக் கொதிநீரில் துவையுங்கள். மருந்து தெளிப்பதென்றால் உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை வைத்து, குழந்தையை அன்று வேறு வீட்டில் விட்டு, காய்ந்த பிறகு அழைத்து வாருங்கள். ஒரு தடவை தெளித்தால் முட்டைகள் தப்பிவிடும், அதனால் சில வாரம் விட்டு மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும். தோட்டத்துப் புல்லை வெட்டுவதால் இந்த வகை உண்ணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

கைவைத்தியம் பற்றியும் கேட்டீர்கள். வேப்பெண்ணெய்க்கு ஆய்வுக்கூடத்தில் ஓரளவு பலன் தெரிகிறது, ஆனால் வீடு நிறைந்த உண்ணியை அது மட்டும் அடக்கியதாக நான் பார்த்ததில்லை. தடவுவதால் கெடுதல் பெரிதாக இல்லை, நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் நுரையீரல்வரை கெடும். கற்பூர எண்ணெய் நாய்க்கு நஞ்சு. இரண்டும் வேண்டவே வேண்டாம். கோழி உண்ணி பொறுக்கும் என்பது உண்மை, ஆனால் அதை வைத்து ஒரு வீட்டைச் சுத்தம் செய்ய முடியாது. மாட்டோடு திரியும் கொக்குகூட உண்ணியை விட, மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைத்தான் அதிகம் தின்கிறது.

நோய்களில் முதலில் உங்கள் நாய்க்கு. எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். காய்ச்சல், சாப்பாட்டு வெறுப்பு, மூக்கில் ரத்தம் என்று வரும். பபீசியா என்ற இன்னொரு கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து உடைக்கும், ஈறு வெளுக்கும், சில நாய்களுக்குச் சிறுநீர் கறுத்துப் போகும். அதில் ஒரு வகையான பபீசியா கிப்சோனியை 1910-ல் பேட்டன் என்ற ஆய்வாளர் முதன்முதலில் விவரித்ததே சென்னை வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில்தான், பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார். இந்தக் கிப்சோனி உண்ணி வழியாக மட்டுமல்ல, நாய்ச் சண்டையில் கடிபட்டும் பரவுகிறது. ஹெபட்டோசூன் என்று இன்னொன்று இருக்கிறது, அது கடியால் வராது, நாய் உண்ணியைக் கடித்து விழுங்கினால் வரும். இத்தனை மாதமாக இவ்வளவு உண்ணி இருந்திருப்பதால், நாய் நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எர்லிக்கியா பல மாதம் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே இது நாய்க்குள் போய்விடக்கூடும் என்பதால், மாத்திரை கொடுத்தாலும் நோய் வரும் வாய்ப்பு முழுதாகப் போய்விடாது. குறையும்.

மனிதர்களுக்கு இந்த உண்ணியால் வரக்கூடியது இந்திய உண்ணி டைபஸ். ரிக்கெட்சியா கோனோரி கிருமியால் வருகிறது. காய்ச்சல், கடும் தலைவலி, பிறகு உள்ளங்கை உள்ளங்காலையும் சேர்த்துச் சிவப்புப் புள்ளிகள். இந்தக் கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கும் போகும், அதனால் சின்னக் குஞ்சுதானே என்று விடக்கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், தாமதித்தால் ஆபத்து. நாய் உண்ணி கடித்த எல்லோருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலான கடி சின்னத் தடிப்போடு ஆறிவிடும்.

செய்தித்தாளில் மழைக்காலத்தில் நீங்கள் படிக்கும் ஸ்க்ரப் டைபஸ் வேறு. அதைப் பரப்புவது புதர்களில் இருக்கும் மிகச் சிறிய சிற்றுண்ணியின் குஞ்சு, உங்கள் நாயின் உண்ணி அல்ல. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருக்கும். குரங்குக் காய்ச்சலும் வேறு. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்ட வைரஸ் அது, காட்டு உண்ணியான ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெராவின் இளம் பருவம்தான் அதைப் பெரும்பாலும் மனிதருக்குக் கடத்துகிறது. வயநாடு, நீலகிரிப் பக்கம் காட்டுக்குள் போகிறவர்கள் அஞ்ச வேண்டியது, உங்கள் படுக்கையறையில் அதற்கு வேலையில்லை. இணையத்தில் படித்துப் பயந்த லைம் நோயை ஐக்ஸோடஸ் என்ற வேறொரு உண்ணி இனம் பரப்புகிறது.

குழந்தையைத் தினமும் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குள், தொடை இடுக்கு பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்மையான சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், சீராக நேரே இழுங்கள். எண்ணெய், நெருப்பு, உப்பு எதுவும் வைக்காதீர்கள், வெறும் விரலால் நசுக்காதீர்கள். எடுத்ததை ஸ்பிரிட் உள்ள சிறு பாட்டிலில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ புள்ளியோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் உண்ணி ஒழியும்வரை நாயைக் குழந்தையின் படுக்கைக்கு வெளியே படுக்க வையுங்கள், ஆனால் வீட்டுக்குள்ளேயே, முன்பு படுத்த அறையிலேயே படுக்கட்டும். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ மாற்றினால் உள்ளே இருப்பவை அங்கேயே பசித்திருக்கும்.

மூன்று மாதத்தில் சுவரில் ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடும். பொறுக்கிய எண்ணிக்கையை வாரா வாரம் ஒரு காலண்டரில் குறித்துவாருங்கள், குறைகிறதா என்பது மாமியாருக்கும் கண்ணால் தெரியும். நின்ற பிறகும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கு மேல் பட்டினி கிடக்கும் என்று சொன்னேனே, அந்தக் கணக்குப்படி குறைந்தது ஒன்றேகால், ஒன்றரை வருடமாவது இடைவெளி விடாமல் கொடுங்கள்.